அம்பது ஹெர்ட்ஸும் அஞ்சு கட்டையும்

சேலையூர் நண்பர் ஒருவர் போன மாசம் ஒரு எம்பி3 கோப்பு கொடுத்தார். 1994-ல் வீட்டுக் கொலுவில் அவருடைய அம்மா பாடியது. அம்மா இப்போது இல்லை. கேசட்டை ஒரு கடையில் கொடுத்து மாற்றி வாங்கியிருக்கிறார். "அம்மா குரல் இவ்ளோ கீச்சுனு இருக்காது சார். அஞ்சு கட்டைலதான் பாடுவாங்க. சரி பண்ண முடியுமா?"

கோப்பில் ஸட்ஜம் 207.65 ஹெர்ட்ஸ் பக்கம் நின்றது. அதாவது அஞ்சரைக் கட்டை. ஆடாசிட்டியில் இதை இறக்க இரண்டு வழி உண்டு. 'சேஞ்ச் பிட்ச்' சுருதியை மட்டும் மாற்றும், காலப்பிரமாணம் அப்படியே இருக்கும். 'சேஞ்ச் ஸ்பீட்' இரண்டையும் சேர்த்து மாற்றும். கேசட் வேகமாக ஓடியிருந்தால் இரண்டாவதுதான் சரி. முதலாவதைப் போட்டால் சுருதி இறங்கும், பாட்டு மட்டும் அவசரமாகவே ஓடும். பழைய கச்சேரிகளைச் 'சரிசெய்து' ஏற்றுகிறவர்கள் பலர் செய்கிற தப்பு இதுதான்.

அடுத்த சிக்கல் அலகு. 'சேஞ்ச் பிட்ச்' செமிடோன் கேட்கும். 'சேஞ்ச் ஸ்பீட்' சதவீதமோ மடங்கோ கேட்கும். ஒரு செமிடோன் ஏற்ற 5.946 சதவீதம் கூட்டணும், இறக்க 5.613 குறைத்தால் போதும். நம்ம கட்டையோ இன்னும் வம்பு. இரண்டிலிருந்து மூன்று கட்டைக்கு இரண்டு செமிடோன். மூன்றிலிருந்து நாலுக்கு ஒன்றே ஒன்று, ஏனென்றால் மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது. "ஒரு கட்டை இறக்கு" என்று மட்டும் சொன்னால் எவ்வளவு என்று மென்பொருளுக்குத் தெரியாது. எந்தக் கட்டையிலிருந்து என்றும் சொல்லணும்.

சரி, நண்பர் சொன்ன அஞ்சு கட்டைக்கு (196 ஹெர்ட்ஸ்) இழுத்துவிட்டால் வேலை முடிந்ததா? அது அவருடைய ஞாபகம். ஒலிப்பதிவுக்குள்ளேயே சாட்சி இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது: கரண்ட் இரைச்சல். நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 'பிளாட் ஸ்பெக்ட்ரம்' அளவை 65536 என்று வைத்தால் 44100 கோப்பில் 0.67 ஹெர்ட்ஸ் துல்லியம் கிடைக்கும். மூன்றாவது மடங்கு 156 பக்கம் தெரிந்தது. மூன்றால் வகுத்தால் 52. கடைக்காரர் டெக்கிலிருந்து வந்த இரைச்சலாக இருந்தால் 50 ஒட்டி இருக்கணும். ஆகவே இது கொலு அன்று பதிவானது.

52-ஐ 50 ஆக்கினால் வேகம் 3.85 சதவீதம் குறையும். ஸட்ஜம் 199.7-க்கு வரும். அஞ்சுமில்லை, அஞ்சரையுமில்லை. இங்கேதான் மாட்டிக்கொண்டேன். அளவுகோலையே சந்தேகப்படத் தோன்றவில்லை. 2003-ல் தென்மண்டலத்துக்கு ஏபிடி கட்டணமுறை வருவதற்கு முன், பற்றாக்குறை நேரத்தில் மின்கட்டத்தின் அதிர்வெண் 49-க்குக் கீழேகூட இறங்கும். ஸட்ஜத்தை 196-ல் வைத்துத் திருப்பிக் கணக்குப் போட்டால் அன்றைய மின்சாரம் 49.1 ஹெர்ட்ஸ். அந்தக் காலத்துத் தாம்பரம் சாயங்காலத்துக்கு ரொம்பப் பொருத்தம்! இது தனிச் சாட்சி இல்லை, ஆனால் இரைச்சல் ஞாபகத்துக்கு முரணாக இல்லை. 5.613 குறைத்தேன்.

ஆடாசிட்டியின் மேல் எனக்குள்ள குறை இதுதான். மடங்கு, சதவீதம், ஆர்பிஎம், புதிய நீளம் என்று ஒன்றை மாற்றினால் மற்றவை தானாக மாறும்; கணக்கில் பிசகு இல்லை. ஆனால் மூன்று தசமம் காட்டுகிற பெட்டி, அந்த எண் ஏன் என்று கேட்பதே இல்லை. 1925 வாக்கில்தான் இசைத்தட்டு வேகம் 78 என்று நிலைப்பட்டது. 74-ல் பதிவான தட்டை 78-ல் ஓட்டினால் கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிவிடும். அந்தக் கோப்பைக் கேட்டு "அந்தக் காலத்துல என்னா சுருதி!" என்று கட்டுரை எழுதுகிறோம்.

நண்பருக்கு இரண்டு கோப்பும் கொடுத்தேன், மூலமும் திருத்தியதும். திருத்தியதன் மெட்டாடேட்டாவில் 'கமெண்ட்ஸ்' கட்டத்தில் எழுதினேன்: "வேகம் −5.613%. ஆதாரம்: மகன் நினைவு, 52 ஹெர்ட்ஸ் இரைச்சல்." பழைய பாட்டைத் திருத்தி ஏற்றுகிறவர்கள் இந்த ஒரு வரியை எழுதினால் போதும். நாளைக்கு இன்னொருத்தர் என் கணக்கைத் தப்பு என்று காட்டவாவது வழி இருக்கும்.