இருமலைக் கேட்டு, கிருமியைச் சோதித்து

மூலிகைகளில் காசநோய்க்கு மருந்து தேடும் ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே தடத்தில் நடக்கின்றன. ஊர் வைத்தியர்களைக் கேட்டும் பழைய ஏடுகளைப் புரட்டியும் இருமலுக்கும் நெஞ்சுச்சளிக்கும் தரப்படும் செடிகளைப் பட்டியலிடுகிறார்கள். இலையையோ வேரையோ நிழலில் உலர்த்தி, மெத்தனாலில் ஊறவைத்துச் சாறு இறக்குகிறார்கள். அது எந்த அளவில் கிருமியின் வளர்ச்சியை நிறுத்துகிறது என்று குழாயில் பார்க்கிறார்கள். படிகளைத் தனித்தனியே பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. ஆனால் செடியைத் தேர்வது ஒரு கேள்வியை வைத்து. சோதிப்பது வேறொரு கேள்வியை வைத்து. குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. காசம் என்றால் இருமல். ஆஸ்துமாவுக்கும் சுவாசகாசம் என்றுதான் பெயர். இன்றைய டி.பி.க்கு நெருங்கி வரும் பழம்பெயர் சயரோகம். ஆகவே 'காசத்துக்கு நல்லது' என்ற குறிப்பைக் கிருமியைப் பற்றிய சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆடு தொடாத இலை என்று பெயர்பெற்ற ஆடாதொடையைப் பாருங்கள். அதிலுள்ள வாசிசினை முன்மாதிரியாகக் கொண்டு உருவானவைதான் இருமல் சிரப்புகளில் சளியை இளக்கும் புரோம்ஹெக்சினும் அம்ப்ராக்சாலும். இருமல் விஷயத்தில் ஏடு சொன்னது பலித்தது. அதே செடியைக் கிருமிக்கொல்லியாக நிறுத்திச் சுமாரான மதிப்பெண் போடுவது செடிக்குச் செய்யும் அநீதி.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். பழைய சீன மருத்துவக் குறிப்பைப் பின்பற்றித்தானே தூ யோயோ குழுவினர் 1972-இல் மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினினைப் பிரித்தெடுத்தார்கள்? உண்மை, 2015-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் மலேரியாவில் ஒட்டுண்ணி சிவப்பணுக்களை உடைக்கும்போது முறைக்காய்ச்சல் வருகிறது. ஒட்டுண்ணி குறைந்தால் சில நாட்களில் காய்ச்சல் தணிகிறது. அறிகுறியும் காரணமும் அவ்வளவு நெருக்கமாகக் கட்டுண்டிருப்பதால், எந்த இலை வேலை செய்கிறது என்பதை வைத்தியர் தம் கண்ணாலேயே கற்றுக்கொள்ளலாம். காசநோய் மாதக்கணக்கில் இழுக்கும். கிருமி குறையாமலே இருமல் தணியும். சிலர் மருந்தில்லாமலே தேறிவிடுவார்கள். இதில் எத்தனை கூர்மையான வைத்தியருக்கும் கண்பாடம் கிடைப்பது அரிது. சார்லஸ் ஸ்டீவன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1897-இல் நோயோடு தென்னாப்பிரிக்கா போய், அங்கே ஒரு வைத்தியர் தந்த பெலர்கோனியம் வேரால் குணமானதாக நம்பினார். பிறகு அதையே இங்கிலாந்தில் காசநோய் மருந்தாக விற்றார். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1909-இல் அதைப் போலி என்றது. அவர் தொடுத்த அவதூறு வழக்கு 1914-இல் தோற்றது. அந்த வேர் இன்று ஜெர்மனியில் மூச்சுக்குழல் அழற்சிக்கு மருந்தாக விற்கிறது. அது முதலிலிருந்தே இருமல் மருந்துதான் போலும்.

சோதனையின் பக்கமும் ஓட்டைகள் உண்டு. ஒரு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் சாறு கிருமியை நிறுத்தினாலே 'செயல்திறன் உண்டு' என்று எழுதிவிடுவது வழக்கம்; காசநோய் மருந்தான ஐசோனியாசிட்டுக்கு 0.1 மைக்ரோகிராமே மிகுதி. கலவையான சாற்றையும் தூய மருந்தையும் ஒப்பிடுவது முறையா என்று கேட்கலாம். நியாயம்தான். அதனால்தான் சாற்றைப் படிப்படியாகப் பிரித்து, வேலை செய்யும் பொருளைத் தனியே எடுக்க வேண்டும். எத்தனையோ கட்டுரைகள் அந்தப் படிக்கு முன்பே முடிந்துவிடுகின்றன. உயர்பாதுகாப்புக் கூடம் இல்லாதவர்கள் ஆபத்தில்லாத, மூன்று நான்கு மணிநேரத்தில் இரட்டிக்கும் ஸ்மெக்மாட்டிஸ் என்ற உறவுக்கிருமியில் சோதிக்கிறார்கள்; அசல் கிருமி இரட்டிக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். குழாயின் தீர்ப்பு எதிர்த்திசையிலும் தவறும். இன்றைய கூட்டுச் சிகிச்சையில் இருக்கும் பைராசினமைடு, அமிலத்தன்மை இல்லாத வழக்கமான ஊடகத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே செய்யாது. இந்தத் தேர்வில் அது தோற்றிருக்கும்!

கொல்லும் பொருளைத்தான் தேடுவதென்றால் மண்ணைத் தோண்டுவதே பொருத்தம். ஸ்ட்ரெப்டோமைசினும் (1943) ரிஃபாம்பிசினின் மூலப்பொருளும் மண்வாழ் நுண்ணுயிர்கள் தந்தவை; பாக்டீரியாக்களோடு அன்றாடம் போட்டியிடுபவை அவை. வழக்கமான ஆறுமாதச் சிகிச்சையின் நான்கு மருந்துகளில் ஒன்றுகூடச் செடியிலிருந்து வந்ததில்லை.

அப்படியானால் செடிகளைக் கைவிடலாமா? மிளகும் திப்பிலியும் வேண்டாம் என்கின்றன. இவை இரண்டும் சேரும் திரிகடுகம் ஏன் இத்தனை மருந்துகளில் துணையாகச் சேர்கிறது என்ற கேள்வி, இவற்றிலுள்ள பைப்பரின் மற்ற மருந்துகளை இரத்தத்தில் கூடுதலாகச் சேரவிடுகிறது என்ற விடைக்கு இட்டுச்சென்றது. ஜம்மு ஆய்வகத்தின் அந்த உழைப்பிலிருந்து 2009-இல் வந்த ரிசோரின் என்ற காசநோய் மருந்தில், வழக்கமான 450 மில்லிகிராமுக்குப் பதிலாக 200 மில்லிகிராம் ரிஃபாம்பிசினோடு 10 மில்லிகிராம் பைப்பரின் இருக்கிறது. அரசின் காசநோய்த் திட்டத்தின் கூட்டு மாத்திரைகளில் பைப்பரின் இன்னும் இடம்பெறவில்லை. என்றாலும் செடியிடம் சரியான கேள்வி கேட்டதற்கு இது நல்ல சான்று. மற்ற மருந்துகளின் அளவை மாற்றும் இதே குணம் எதிராகவும் திரும்பலாம். ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு மூன்றுமே கல்லீரலைத் தாக்கக்கூடியவை. அவற்றோடு நோயாளி தாமாகக் குடிக்கும் கஷாயம் எதைக் கூட்டுகிறது, எதைக் குறைக்கிறது? இதை அறியக் கிருமி வளர்க்கும் உயர்பாதுகாப்புக் கூடம்கூட வேண்டாம். சில இரத்த மாதிரிகளும் மருந்தின் அளவைக் கணிக்கும் கருவியும் போதும்.