பூஜ்ய ரூபாய்ச் சீட்டின் கணக்கு

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் டவுன் பஸ் ஏறும் பெண்ணுக்குக் கண்டக்டர் கிழித்துத் தரும் கட்டணமில்லாச் சீட்டும் ஒரு கணக்கெடுப்புதான். 2021 மே 8 முதல் தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடாக அரசு முதலில் அறிவித்த தொகை 1,200 கோடி ரூபாய். பணம் கொடுத்தால் கணக்கு வேண்டுமே! இன்று அந்தச் சீட்டின் எண்ணிக்கையே திட்டத்தின் வெற்றிக்குச் சாட்சியாக மேடைதோறும் சொல்லப்படுகிறது.

இந்த அளவுகோலின் பெரிய பலம், அது பயணியிடம் எதையும் கேட்பதில்லை என்பது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் ஏறத்தாழ 47 சதவீதம். சலுகையைச் செயலி வழியாகக் கொடுத்திருந்தால் பாதிப் பேர் படிக்கட்டிலேயே நின்றிருப்பார்கள். பெண்களுக்கு இதேபோல் இலவசப் பயணம் தரும் கர்நாடகத்தின் சக்தி திட்டத்தில் அடையாள அட்டை காட்ட வேண்டும். இங்கே பஸ்ஸில் ஏறினால் போதும்.

ஆனால் சீட்டு எண்ணுவது பயணங்களை, ஆட்களை அல்ல. என்.எஸ்.பி. ரோட்டு ஜவுளிக்கடைக்குக் காலையில் வந்து இரவில் திரும்பும் ஒருத்தி அதில் இரண்டு பேர். இதைவிடப் பெரிய குறை, ஏறாதவர்கள் அதில் இல்லவே இல்லை. சத்திரத்துக்கும் மத்தியப் பேருந்து நிலையத்துக்கும் இடையே தனியார் பஸ்கள் முந்திக்கொண்டு ஓடும் ஊர் இது. நேரமாகிறதே என்று அவற்றில் காசு கொடுத்து ஏறுகிறவளும், கடை மூடியபின் பஸ் வராமல் ஷேர் ஆட்டோ பிடிக்கிறவளும் எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை. ஒரு தடத்தில் சீட்டு குறைந்தால், தேவை குறைந்ததா, பஸ் குறைந்ததா? எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. தேவை குறைந்தது என்று படிப்பது அதிகாரிக்குச் சுலபம். அப்படிப் படித்தால் இருக்கிற பஸ்ஸும் போய்விடும்.

ஸ்மார்ட் கார்டு கொடுத்தால் துல்லியம் வரும் என்பார்கள். வரும், யார் போனார் என்பதில் மட்டும். போக முடியாதவர் அப்போதும் தெரியமாட்டார். அட்டை இல்லாதவர் புதிதாக வெளியே நிற்பார். எனக்கு அது நல்ல பேரமாகத் தெரியவில்லை. இயந்திரத்தில் அடிக்கும் சீட்டில் நேரமும் ஏறிய இடமும் ஏற்கெனவே இருக்கின்றன. இரவு ஒன்பதுக்குமேல் சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஒரு சாதாரண பஸ்ஸுக்கும் அடுத்ததற்கும் எத்தனை நிமிடம் என்பதை அவற்றிலிருந்தே எடுக்கலாம். மாதந்தோறும் பயண எண்ணிக்கையோடு அந்த இடைவெளியையும் தடவாரியாக வெளியிடச் செலவு அதிகம் ஆகாது.