நீர் வடிந்த நேரத்தில் விற்கும் படகு

கல்லூரி விடுமுறையில் மூன்று மாதம் போர்ட்டிக்சன் பக்கம் ஒரு படகுப் பட்டறையில் சாயம் அடிக்கும் வேலைக்குப் போனேன். சிரம்பானிலிருந்து மம்பாவ், லுக்குட் வழியாக மோட்டார் சைக்கிளில் போய் வருவேன். அங்கே ஒரு பழைய மோட்டார் க்ரூஸர் விற்பனைக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. முப்பத்துநான்கு அடி நீளம், இரண்டு டீசல் எஞ்சின், ஃபைபர்கிளாஸ் உடல். தண்ணீரிலிருந்து மேலே தூக்கிய அன்று பார்த்தால் அடிப்பகுதி முழுக்கக் கொப்புளம்.

ஃபைபர்கிளாஸின் மேல்பூச்சுக்குள் வருடக்கணக்கில் நீர் ஊறினால் இப்படி ஆகும். ஒன்றைக் குத்தினால் வினிகர் வாடையோடு நீர் கசியும். முறையாகச் செய்வதென்றால் மேல்பூச்சை உரித்து, நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி, நன்றாகக் காயவிட்டு, எபோக்ஸி பூச வேண்டும். நம்ம ஊர் ஈரக்காற்றில் காய்வதற்கே மாதக்கணக்கில் ஆகிவிடும். எனக்குச் சொல்லப்பட்ட வேலை வேறு. தேய்க்கணும், பட்டி பூசணும், சிவப்புச் சாயம் அடிக்கணும். அடித்தேன்.

வாங்க வந்தவர் தோட்டத்து ரப்பர் ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் இருந்தது சேமநிதிப் பணம். படகைச் சுற்றி வந்தவர், ஏணிக்குக் கீழே நின்ற என்னிடம் கேட்டார்: "தம்பி, அடியில எல்லாம் சரியா இருக்கா?"

"நல்லா இருக்கு அங்கிள்" என்றேன்.

அந்தப் பதிலைச் சுமந்துகொண்டுதான் சில வருடங்களுக்குப் பிறகு பெனெலொப்பி ஃபிட்ஸ்ஜெரால்டின் 'ஆஃப்ஷோர்' நாவலைப் படித்தேன். 1979இல் வெளிவந்து அதே ஆண்டு புக்கர் பரிசு பெற்ற சின்ன நாவல். 1960களின் தொடக்கம், லண்டன், தேம்ஸ் நதியின் பேட்டர்சீ பகுதி. பழைய சரக்குப் படகுகளை வீடாக்கிக்கொண்டு வாழும் சிலரின் கதை. ஃபிட்ஸ்ஜெரால்டே அங்கே 'கிரேஸ்' என்ற படகில் குடும்பத்தோடு வாழ்ந்தவர். அந்தப் படகு மூழ்கிப் போனது. நாவலிலும் நென்னா என்ற பெண் இரண்டு மகள்களோடு வசிக்கும் படகின் பெயர் கிரேஸ்தான்.

நாவல் ஒரு கூட்டத்தில் தொடங்குகிறது. வில்லிஸ் என்ற வயதான ஓவியர் தன் 'ட்ரெட்நாட்' படகை விற்க வேண்டும். படகில் ஓட்டை இருக்கிறது. தேம்ஸ் அங்கே கடலைப் போல ஏறி இறங்கும் நதி. நீர் வடிந்தால் படகுகள் சேற்றில் உட்கார்ந்துவிடும், அப்போது ஓட்டை தெரியாது. ஏற்ற நேரத்தில்தான் உள்ளே தண்ணீர் வரும். ஆகவே நீர் வடிந்த நேரத்தில் மட்டும் படகைக் காட்டுவது, மற்றவர்கள் வாயைத் திறக்காமல் இருப்பது என்பது ஏற்பாடு. ரிச்சர்ட் மட்டும் நெளிகிறார். அவர் கடற்படையில் இருந்தவர், ஒழுங்கானவர். மற்றவர்களுக்கு வில்லிஸ் மீது பாசம். பாவம் கிழவர், வேறு என்ன செய்வார்?

வாசகர்கள் இந்த இடத்தில் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். ஃபிட்ஸ்ஜெரால்டின் திறமை அதுதான். ஒரு மோசடியை அண்டைவீட்டு அன்பாக மாற்றி நம் கையில் கொடுத்துவிடுகிறார். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் நாமும் கை தூக்கியிருப்போம்.

விற்பனை முடிவதற்குள் ட்ரெட்நாட் மூழ்கிவிடுகிறது. வில்லிஸ் பிழைத்துக்கொள்கிறார். நல்ல மனம் கொண்ட அண்டைவீட்டார் அவருக்கு இடம் தருகிறார்கள். முதல் வாசிப்பில் இது எனக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டாம் வாசிப்பில் அந்த நிம்மதிமேல்தான் சந்தேகம் வந்தது. படகு மூழ்கிவிட்டதால் யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ரிச்சர்டின் கேள்வியைத் தண்ணீர் வந்து முடித்துவைக்கிறது. வாங்குகிறவர் நமக்கு ஒரு மனிதராக அறிமுகமாவதே இல்லை. அவர் எந்தப் பணத்தைக் கொண்டுவருகிறார், படகில் எதைச் செய்ய நினைக்கிறார், எதுவும் தெரியாது. ஒரே ஒரு பக்கம் அவரிடம் நம்மைப் பழகவிட்டிருந்தால் நம் சிரிப்பு பாதியில் நின்றிருக்கும். இந்த அழகான நாவலில் எனக்கு இருக்கும் பெரிய புகார் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. பழைய படகுகளைப் பற்றிய இந்த நாவலில் மராமத்து வேலைக்குக் கிடைக்கும் இடம் குறைவு. ஓட்டையை அடைப்பவரின் கை, கருவி, பொறுமை என்பவை எழுத்தாகவில்லை. இதில் நாமும் பெரிதாகச் சாதித்துவிடவில்லை. மலேசியத் தமிழ்ப் புனைவில் நான் படித்தவரை கப்பல் என்றால் தாத்தாவை ஏற்றி வந்த ராஜுலாதான். நாம் அதில் பயணி மட்டுமே. ஆனால் தமிழரின் கடலில் வேறு கதைகளும் உண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி அம்மாள்' என்ற பாய்மரக் கப்பலை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கி, மனைவியின் பெயரை அதற்குச் சூட்டினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகள் ஓட்டிச் சென்ற அந்தக் கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. கைமாறிய கப்பல், மாறிய பெயர், மாறாத கைகள். ஒரு நாவலுக்கு இது போதாதா?

என் ஃபிட்டர் அங்கிளை இரண்டு வருடம் கழித்து லுக்குட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பார்த்தேன். ஒளிந்துகொள்ள நேரம் இல்லை. அவரே கூப்பிட்டு உட்காரவைத்தார். படகு இன்னும் கரையில்தான் இருக்கிறதாம். மேல்பூச்சை முழுக்க உரித்து, கழுவி, தார்ப்பாய் கட்டிக் காயவைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு எஞ்சினைப் பிரித்து மாட்டியாகிவிட்டது. நான் திக்கித் திணறி மன்னிப்புக் கேட்டேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்டா தம்பி. காசை வச்சுத் தட்டிப் பாத்தேன், அங்கங்க சத்தம் மந்தமா இருந்துச்சு. அதச் சொல்லித்தான் வெலையக் கொறச்சேன். நீ என்ன சொல்றேன்னு பாக்கத்தான் கேட்டேன்."

கோபமில்லாமல் சொன்னார். டீயையும் அவரே வாங்கிக் கொடுத்தார்.

இதை ஏன் ஒரு விமர்சனக் கட்டுரையில் எழுதுகிறேன் என்று கேட்கலாம். நம் நூல் வெளியீட்டு விழாக்களை நினைத்துப் பாருங்கள். மாலை, பொன்னாடை, முதல் பிரதியைப் பெற்றுக்கொள்ளும் பிரமுகர், நாலு வாழ்த்துரை. மேடையில் இருப்பவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். நூலில் எங்கே ஓட்டை என்று அவர்களில் பலருக்கும் தெரியும். கார் நிறுத்துமிடத்தில் அதைச் சொல்லவும் செய்வார்கள், மைக்கில் சொல்ல மாட்டார்கள். சின்ன வட்டம், நாளைக்கும் முகத்தைப் பார்க்கணும், பாவம் அவரு கைக்காசு போட்டு அச்சடிச்சிருக்காரு. எல்லாமே உண்மையான காரணங்கள்தான். வில்லிஸின் நண்பர்களுக்கும் உண்மையான காரணம்தான் இருந்தது. ஆனால் பின்வரிசையில் உட்கார்ந்து முப்பது வெள்ளி கொடுத்து அந்த நூலை வாங்கிப் போகிற வாசகரும் ஒரு மனிதர். அவர் காசை வைத்துத் தட்டிப் பார்க்கத் தெரிந்தவராகவும் இருக்கலாம். அப்படியென்றால் அன்று அவர் எடைபோட்டது நூலை மட்டுமல்ல, மைக் பிடித்தவரையும்தான்.

'ஆஃப்ஷோர்' நாவலை அவசியம் படியுங்கள். ஒரே நாளில் முடித்துவிடலாம். தண்ணீர் ஏறும்போது படகுகள் சேற்றைவிட்டு எழும் பக்கங்களுக்காகவே படிக்கலாம். வில்லிஸுக்காக வருத்தப்படுங்கள், நானும் பட்டேன். பிறகு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பி, அந்தக் கூட்டத்தில் இல்லாத ஒருவரை, படகு வாங்க வரப்போகிறவரை, மனதில் வைத்துக்கொண்டு இன்னொருமுறை படித்துப் பாருங்கள்.