மரவள்ளியில் பெண் பூக்களைக் கூட்டும் ஹார்மோன்கள்

மரவள்ளி பயிரிடும் விவசாயிக்குப் பூ ஒரு பொருட்டே அல்ல. குச்சி நட்டால் கிழங்கு கிடைத்துவிடும். புது ரகம் உருவாக்குபவருக்கோ பூ இல்லாமல் வேலையே நடக்காது. தண்டு கவைத்துக் கிளைக்கும் இடத்தில்தான் பூங்கொத்து வரும். கொத்தின் அடியில் சில பெண் பூக்களும், மேலே அவற்றைவிடச் சிறிய ஆண் பூக்கள் ஏராளமாகவும் இருக்கும். பெண் பூ முந்தி மலர்ந்துவிடும்; அதே கொத்தின் ஆண் பூ திறக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். சூலகத்தில் மூன்றே அறைகள் என்பதால் ஒரு காயில் மூன்று விதைக்கு மேல் இராது. கிளைக்காமல் நிமிர்ந்து வளரும் ரகங்கள் பூக்கவே தாமதிக்கும். மொட்டு விட்டாலும் பல உதிர்ந்துவிடும். நெருக்கி நடவும் களையெடுக்கவும் வசதியான ரகங்கள் இவைதான் என்பது இதிலுள்ள சங்கடம்.

இந்தத் தடையைத் தாண்ட, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தாரும் நைஜீரியாவின் இபாதானிலுள்ள வெப்பமண்டல வேளாண் ஆய்வு நிறுவனத்தாரும் இரண்டு பொருள்களைச் சோதித்தனர். ஒன்று வெள்ளி தயோசல்பேட். பூவை மூப்படையவைத்து உதிர்க்கும் எத்திலீன் என்னும் ஹார்மோனின் செயலை இது தடுப்பதால் கொத்து நெடுநாள் நிற்கும். மற்றது பென்சைல் அடினைன் என்னும் சைட்டோகைனின் வகை ஹார்மோன். மொட்டின் பால் முடிவாகும் முன்பே தெளித்தால், ஆணாக வேண்டிய மொட்டுகளில் பல பெண்ணாகும். கொத்தின் கீழ் முளைக்கும் இளங்கிளைகளைக் கிள்ளிவிட்டால் பலன் இன்னும் கூடும்.

முறையின் வலிமை கண்கூடு. பலவீனமும் அதே இடத்தில்தான். கொத்து முழுக்கப் பெண்ணானால் மகரந்தத்துக்கு வேறு செடியை நாட வேண்டும். தெளிக்காத ஆண் கொத்துகளை உரிய நாளில் மலரும்படி பக்கத்தில் வைத்திராவிட்டால் கூடிய பூக்கள் வீண். வெள்ளி ஒரு கன உலோகம். அளவு மீறினால் இலை கருகும். இலைப்பரப்பை நறுக்கிவிட்டு, எஞ்சிய காம்பைக் கரைசல் நிரப்பிய சிறு குழாயில் செருகிக் கொடுப்பதும் உண்டு. அதில் வெள்ளி மண்ணில் சிந்துவது குறையும். ஆனால் செடிதோறும் கைவேலை. ரகத்துக்கு ரகம் விளைவும் வேறுபடும்.

ஒரு பயிரில் கண்ட விதியை மற்றொன்றுக்குப் பொருத்துவதும் பிழை. வெள்ளரியில் எத்திலீன் பெண் பூவைக் கூட்டும். வெள்ளி உப்பு ஆண் பூவை வரவழைக்கும். அரிதாகப் பூக்கும் சேம்பில் ஜிப்ரெல்லின் என்னும் ஹார்மோனைத் தெளித்துப் பூங்கொத்து வரவழைக்கலாம். அவற்றில் சில உருக்குலைந்து வருவதும் உண்டு. உருளைக்கிழங்கிலோ அதே ஜிப்ரெல்லின் கிழங்கு பிடிப்பதைத் தடுக்கும். ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடியான ஆப்பிரிக்க வெள்ளைக் கருணைவள்ளியில் பாலைத் தீர்மானிப்பது மரபணு என 2017இல் வெளியான மரபணுத் தொகுதி ஆய்வு காட்டியது.

இத்தகைய தெளிப்புகள் வருமுன்பே, சேலம், நாமக்கல் பகுதிகளில் பரவிய எச்-226 போன்ற கலப்பு ரகங்களைத் திருவனந்தபுரம் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 1971இல் வெளியிட்டது. தெளிப்பு இல்லாமலும் கலப்பு ரகம் உருவாக்கலாம் என்பதற்கு இது சான்று. ஆகவே தாராளமாகப் பூக்கும் ரகங்களுக்கு ஹார்மோன் வீண்செலவு. பூக்கத் தயங்கும் பெற்றோரை மட்டும் தேர்ந்து, முதலில் கிளை கிள்ளிப் பார்த்து, அதற்கும் மசியாதபோது குறைந்த அளவில் காம்பு வழியே வெள்ளிக் கரைசல் கொடுப்பதே ஆய்வுத் தோட்டத்துக்கு ஏற்றது.