பார்த்துப் பார்த்துக் கட்டிய நம்பிக்கை

கோப்பை இறுதியாட்டத்துக்கு முன்னால் ரசிகர் வளர்க்கும் நம்பிக்கையை வெறும் பித்து என்று தள்ளிவிடுகிறார்கள். இங்கிலாந்துக் கால்பந்து அணியான நியூகாசில் யுனைடெட்டின் ரசிகர்களைக் கவனித்தால், அது பொறுமையோடு பழகிய கைத்திறன் என்றே தோன்றும். 1955-க்குப் பிறகு 2025 வரை அந்த அணிக்குப் பெரிய உள்நாட்டுக் கோப்பை எதுவும் கிடைக்கவில்லை. 1974, 1976, 1998, 1999, 2023 என்று லண்டனின் வெம்ப்ளி அரங்கில் இறுதியாட்டத் தோல்விகள்தான். அப்படியும் 2025 மார்ச்சில் லிவர்பூலுடனான லீக் கோப்பை இறுதிக்கு, துவைத்துத் துவைத்து நூல் தளர்ந்த கறுப்பு வெள்ளை மஃப்ளர்கள் லண்டன் கிளம்பின. நியூகாசில் வீரர்களில் கார்டனுக்குத் தடை, ஹாலுக்குக் காயம். சரி, பார்ன்ஸை இடப்பக்கம் போட்டால்? லிவர்பூல் செவ்வாய்க்கிழமைதான் பாரிஸ் அணியோடு கூடுதல் நேரமும் ஆடிக் களைத்து, பெனால்டியில் தோற்றது, கால்கள் கனக்குமே! டான் பர்ன் இருக்கிற உயரத்துக்கு ஒரு கார்னர் வாய்த்தால் போதாதா? இப்படித் துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டியதைக் குருட்டு ஆசை என்பது நியாயமில்லை. ரசிகரின் ஆசை பந்தை உருட்டுமா என்று கேட்கலாம். உருட்டாதுதான். ஆனால் மழைமேகம் பார்க்கிற விவசாயியிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. அன்று முதல் பாதி முடியும் தறுவாயில் சக வீரர் டிரிப்பியர் அடித்த கார்னரை பர்ன் தலையால் முட்டி வலைக்குள் அனுப்பினார். பந்து தவறிப் போயிருந்தாலும் சரியாகவே இருந்திருக்கும், ரசிகர்கள் போட்ட அந்தக் கணக்கு.