பரணில் கிடக்கும் மடிக்கணினி

2011-இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகக்கூட ஆகியிருக்கவில்லை. அந்தக் கணினிகளில் விண்டோசோடு, சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் வந்தது. அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு என்பது என் எண்ணம்.

இன்று அந்த மாவட்டத்திலிருக்கும் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது அப்படியொன்று கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பழைய கணினி தன் நோயை ஒளிக்காது. தேதி தானாகப் பின்னுக்குப் போகிறதா? உள்ளிருக்கும் வட்டப் பேட்டரி தீர்ந்திருக்கும். விளக்கு எரிந்தும் திரை இருண்டே கிடக்கிறதா? ராமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை அழிரப்பரால் மெல்லத் தேய்த்து மாட்டுங்கள். பல நேரம் அதுவே போதும். அந்த முதல் வெளிச்சம் தரும் சந்தோஷம் புதுக் கணினியில் கிடைக்காது!

2 ஜிபி ராமில் விண்டோஸ் 10 திணறும். அதற்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. என் ஓட்டு எக்ஸ்எஃப்சிஇ முகப்புள்ள டெபியன் லினக்சுக்கு. பழைய படங்களை நகலெடுத்து வைத்துக்கொண்டு, முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள்.