சாட்சியும் சாவியும்

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ ஒரு தமிழ்ச் சபையில் ஞாயிறு காலை போய் உட்கார்ந்தால், பாடலுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவில் பெரும்பாலும் 'சாட்சி நேரம்' என்று ஒன்று வரும். யாராவது எழுந்து போய் மைக்கைப் பிடிப்பார்கள். வேலை போனது, ஜெபித்தேன், மூன்றாவது வாரம் வேறு வேலை கிடைத்தது. டாக்டர் கட்டி என்றார், ஜெபித்தோம், அடுத்த ஸ்கேனில் ஒன்றுமில்லை. சபை 'அல்லேலூயா' சொல்லும். கீபோர்டு வாசிக்கும் தம்பி மெல்ல ஒரு கட்டையைத் தொடுவான். இப்படி நூற்றுக்கணக்கான சாட்சிகளைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

சாட்சியை இங்கே ஓர் இலக்கிய வடிவமாகவே எடுத்துக்கொள்கிறேன். அதைக் கிண்டல் செய்யும் எண்ணம் இல்லை. தோட்டத்திலிருந்து பெயர்ந்து வந்த குடும்பத்துப் பெண், லாரி ஓட்டும் அண்ணன், ஆபீஸ் கூட்டும் பாட்டி, இவர்கள் கையில் மைக் கிடைத்து நூறு பேர் அமைதியாகக் கேட்கும் இடம் நம் ஊரில் வேறு எங்கே இருக்கிறது? தன் வாழ்க்கையைக் கதையாகத் தொகுத்துச் சொல்லும் பயிற்சியைச் சபைதான் அவர்களுக்குக் கொடுத்தது. அது சின்ன விஷயமில்லை.

ஆனால் அந்த வடிவத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. பிரச்சினை முடிந்த பிறகுதான் சாட்சி சொல்ல முடியும். முடியாத பிரச்சினைக்கு மைக் கிடையாது.

இது எனக்கு உறைத்தது 2021 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் சனங்கள் கூரைமேல் ஏறி நின்று படகுக்குக் காத்திருந்த வாரம் அது. அடுத்து வந்த ஓர் ஆராதனையில் ஒரு சகோதரர் எழுந்தார். "ராத்திரி பூரா ஜெபம் பண்ணோம். தண்ணி வாசப்படியோட நின்னுருச்சு" என்றார். சபை கைதட்டியது. அதே வரிசையில் கடைசி நாற்காலியில் ஓர் ஆன்ட்டி உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டில் தண்ணீர் மேல்மாடிப் படிவரை ஏறி, தையல் மிஷின் இரண்டும் சேற்றில் போயிருந்தன. அவரும் ராத்திரி முழுக்க ஜெபித்தவர்தான். நான் பொறியாளன். தண்ணீர் எங்கே நிற்கும் என்பதை நிலமட்டம் முடிவு செய்யும் என்று படித்தவன். சகோதரரின் வீடு மேட்டில் இருந்தது. ஆன்ட்டியின் வீடு பள்ளத்தில். இதைச் சொல்வது அவிசுவாசம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அன்று அதைச் சொல்லவில்லை. வெளியே வந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஆன்ட்டியிடம், "கர்த்தர் பாத்துக்குவாரு ஆன்ட்டி" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் வீட்டில் தாத்தா வைத்திருந்த 'பரதேசியின் மோட்சப் பிரயாண'த்தை ஒழுங்காக வாசித்தேன். ஜான் பன்யன் எழுதி 1678இல் வெளிவந்த ஆங்கில நூலின் தமிழ் வடிவம். நம் வீடுகளில் 'பரதேசி' என்பது திட்டும் சொல். அந்தச் சொல்லைத் தலைப்பில் தாங்கிய புத்தகம் வேதாகமத்துக்குப் பக்கத்தில் இருந்தது சின்ன வயதில் எனக்கு வேடிக்கை. பன்யன் பாத்திரங்களுக்கு ஓட்டை அடைத்துப் பிழைத்தவர். அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காக 1660இல் பிடிபட்டு ஏறக்குறைய 12 வருடம் பெட்ஃபோர்ட் சிறையில் இருந்தார். வெளியே மனைவியும் பிள்ளைகளும், அதில் பார்வையில்லாத ஒரு மகளும். இனி பிரசங்கிக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். சொல்லவில்லை.

அந்த நூலின் முக்கியமான இடம் சந்தேகக் கோட்டை. கிறிஸ்தியானும் அவன் தோழனும், பாதை கரடுமுரடாக இருக்கிறதே என்று பக்கத்துப் புல்வெளிக்குத் தாண்டி, வழிதவறி, விரக்தி என்னும் அரக்கனிடம் மாட்டிக்கொள்கிறார்கள். புதன்கிழமை காலையிலிருந்து சனிக்கிழமை இரவுவரை இருட்டறை. சோறு தண்ணி இல்லை. அரக்கன் அடிக்கிறான், செத்துப்போங்கள் என்று புத்தி சொல்கிறான். கிறிஸ்தியான் அதைப் பற்றி யோசிக்கவும் செய்கிறான். சனி நள்ளிரவில் இருவரும் ஜெபிக்கத் தொடங்குகிறார்கள். விடியும் நேரத்தில்தான் தன் மடியிலேயே 'வாக்குத்தத்தம்' என்ற சாவி இருப்பது அவனுக்கு நினைவு வருகிறது.

வழக்கமான பிரசங்கம் இங்கே முடிந்துவிடும்: சாவி உன் கையில் இருக்கிறது, திற. ஆனால் பன்யன் இரண்டு விஷயங்களைச் சேர்க்கிறார். கடைசி இரும்புக் கதவின் பூட்டு சுலபமாகத் திறக்கவில்லை, சாவி மிகக் கஷ்டப்பட்டுத்தான் திரும்புகிறது. அடுத்தது, சாவி முதல் நாளிலிருந்தே மடியில் இருந்தும் அவன் நாலு நாள் அடி வாங்கினான். வாக்குத்தத்தம் தெரிந்தவனும் அதை மறந்து கிடக்கலாம் என்று எழுத, சிறையில் இருந்த ஒருவனுக்குத்தான் துணிச்சல் வரும். இது வேலை கிடைத்த பிறகு சொல்லும் சாட்சி இல்லை, பாதிவழியில் நின்று எழுதியது.

இதே கதையைத் தமிழில் காப்பியமாக்கியவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை. 1827இல் நெல்லைப் பக்கம் கரையிருப்பில் வைணவ வேளாளக் குடும்பத்தில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராக வேலை பார்த்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் வந்தது. கம்பனின் விருத்த நடையில் பன்யனை நடக்கவிட்டதால் அவரைக் 'கிறிஸ்தவக் கம்பர்' என்றார்கள். இந்தப் பட்டத்தால் அவருக்கு லாபத்தைவிட நஷ்டமே அதிகம் என்பது என் கருத்து. கம்பனோடு ஒப்பிட்டு மார்க் போடுவதிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. அவர் பன்யனிடமிருந்து எங்கே விலகினார் என்று பார்ப்பதுதான் பயனுள்ளது.

இரண்டு இடங்களைச் சொல்கிறேன். பன்யனின் கதையில் இயேசுவின் பாடுகள் தனிக் கதையாக வருவதில்லை, சிலுவை வழியில் ஓரிடத்தில் நிற்கிறது, அவ்வளவுதான். கிருஷ்ண பிள்ளை அதை விரிவாகப் பாடுகிறார். துன்பப்படும் பயணிக்குக் காரணம் விளக்கவில்லை, துன்பப்படும் கடவுளைக் காட்டுகிறார். அடுத்து, கதைக்கு நடுவே தேவாரம் என்ற பெயரில் பதிகங்களை வைக்கிறார். பயணம் இன்னும் முடியாதபோதே, ஆபத்து அப்படியே இருக்கும்போதே பாட்டு வருகிறது. சைவ, வைணவப் பக்தி மரபைக் காதில் கேட்டு வளர்ந்த ஒருவருக்குத்தான் இது தோன்றும். பதில் கிடைத்த பிறகு பாடுவது நம் பக்தி மரபின் ஒரு பாதிதான். கேட்டுக்கொண்டே இருப்பது மறுபாதி. ஒரு குறையும் சொல்ல வேண்டும். சந்தேகக் கோட்டையின் இருட்டுக்குப் பன்யனின் வறண்ட உரைநடை பொருந்துகிற அளவு, செழித்த விருத்தம் பொருந்தவில்லை. ஓசை இனிமை பயத்தைக் கொஞ்சம் குறைத்துவிடுகிறது.

வேதாகமமே நம் சாட்சி நேரத்தைவிடத் தாராளமானது. 88ஆம் சங்கீதம் எந்தத் திருப்பமும் இல்லாமல் முடிகிறது. எபிரேய மூலத்தில் அதன் கடைசிச் சொல்லே இருட்டு. யோபுவின் கதையில் 7,000 ஆடுகள் 14,000 ஆகின்றன, பிள்ளைகள் மறுபடி 10 பேர்தான். ஆட்டைக் கணக்கில் இரட்டிக்கலாம், செத்த பிள்ளையை முடியாது என்று அந்தக் கதைக்குத் தெரிந்திருக்கிறது. யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை சரியாகத்தான் இருந்தார்கள். அதன்பின் கடவுளுக்காக வக்காலத்து வாங்கியவர்கள்மேல்தான் கடவுளுக்குக் கோபம். செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஆன்ட்டியிடம் நான் பேசியதும் அந்த நண்பர்களின் வசனம்தான்.

கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே முடிவில்லாத சாட்சி ஒன்று இருக்கிறது. 2017 பிப்ரவரி 13 அன்று பெட்டாலிங் ஜெயாவில் பாஸ்டர் ரேமண்ட் கோ பட்டப்பகலில் காரை மறித்துக் கடத்தப்பட்டார். அது வலிந்து காணாமலாக்கப்பட்ட சம்பவம் என்று 2019இல் சுஹாகாம் முடிவுசெய்தது. 2025 நவம்பரில் உயர் நீதிமன்றம் அரசும் போலீசும் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. அவர் எங்கே என்ற கேள்விக்குத்தான் பதில் இல்லை. இத்தனை வருடம் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தவர் அவர் மனைவி சுசானா லியூ. அவருடைய விசுவாசத்தை எந்தச் சாட்சி நேரத்தில் அடக்குவது?

கடவுளை நம்புவது என்றால் முடிவு தெரிந்ததுபோல் பேசுவது என்று நமக்குப் பழகிவிட்டது. முடிவு தெரியாது என்று ஒத்துக்கொண்டு அவரோடு பேசுவதை நிறுத்தாமல் இருப்பது என்றுதான் நான் வாசித்த இந்தப் பிரதிகள் சொல்கின்றன. நம் மலேசியத் தமிழ்க் கதைகளில் கிறிஸ்தவர்கள் வரும்போதும் இந்த இடத்தை யாராவது தொட்டால் நன்றாக இருக்கும்.

போன வருடம் அந்த ஆன்ட்டி ஒருநாள் எழுந்து போய் மைக்கைப் பிடித்தார். வீட்டுக்காரருக்கு வாதம் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. "இன்னும் ஒண்ணும் சரியாவல. தெனமும் கேக்கறேன். கேட்டுக்கிட்டுத்தான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். யாரும் கைதட்டவில்லை. கீபோர்டு தம்பி எந்தக் கட்டையை அமுக்குவது என்று தெரியாமல் பாஸ்டரைப் பார்த்தான். இந்தத் தடவை நான் அவரிடம் போய் எதுவும் சொல்லவில்லை. ஆராதனை முடிந்ததும் பக்கத்து நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது, "வீட்டுக்கு வாய்யா, டீ குடிச்சிட்டுப் போவ" என்றார்.